வயலைப் பிடித்த முறையும் வழியைப் பிடித்த முறையும்: அபினில் இரு கொள்கைகள்

கிழக்கிந்தியக் கம்பெனி அபினிலிருந்து வருவாய் ஈட்ட இரண்டு வழிகளைக் கையாண்டது. கங்கைச் சமவெளியில் விளைச்சலையே தன் பிடிக்குள் வைத்துக்கொண்டது; மத்திய இந்தியாவின் மாளவத்திலோ, சரக்கு துறைமுகத்துக்குப் போகும் வழியில் வரி வசூலித்தது.

முதலாவது, வங்காள முறை. 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் நிறுவிய ஏகபோகம் முதலில் குத்தகைதாரர்களிடம் இருந்தது. 1797 முதல் கம்பெனியின் முகவர்களே பாட்னாவிலும் காசி வட்டாரத்திலும் அதை நேரடியாக நடத்தினார்கள். உரிமமும் வட்டியில்லா முன்பணமும் பெற்ற குடியானவர், சேகரித்த கசகசாப் பால் முழுவதையும் அரசு நிர்ணயித்த விலைக்கே ஒப்படைக்க வேண்டும். பிற்பகலில் கசகசாக் காய்களைக் கீறிவிட்டு, இரவெல்லாம் கசிந்து உறைந்ததை மறுநாள் காலையில் ஒவ்வொரு காயாகச் சுரண்டி எடுக்கும் வேலை அது. முன்னரே பொறுக்கிய பூவிதழ்களைச் சூட்டில் அடைகளாக ஒட்டிக் கொடுத்தால், தொழிற்சாலையில் அபின் உருண்டைகளுக்கு அவையே மேலுறை. பெட்டிக்கு 40 உருண்டைகள். அவற்றைக் கல்கத்தாவில் ஏலம் விட்டதோடு கம்பெனி விலகிக்கொண்டது. சீன அரசின் தடையை மீறி அங்கே கொண்டுசென்றவர்கள் தனி வணிகர்கள். பயிரிடுவதும் மறுப்பதும் குடியானவரின் விருப்பம் என்றது 1857ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் முன்பணம் வாங்கிய நிலத்தில் பயிரிடாமல் விட்டால் அந்த முன்பணத்தைப் போல மும்மடங்கு அபராதம் என்றும் அதே சட்டம் சொன்னது. குத்தகைப் பணம் கட்ட அந்த முன்பணத்தையே நம்பியிருந்தவருக்கு அந்த விருப்பம் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

மாளவம் ஹோல்கர், சிந்தியா முதலிய சமஸ்தான அரசர்களின் நிலம். அங்கே வயலுக்குள் கால் வைக்கக் கம்பெனியால் முடியவில்லை. சரக்கைத் தானே வாங்கிக் குவித்தும், அரசர்களோடு ஒப்பந்தம் போட்டும் பார்த்தது. வணிகர்களோ சிந்துப் பகுதி வழியாகக் கராச்சிக்கும், அங்கிருந்து போர்ச்சுக்கீசியரின் துறைமுகமான டாமனுக்கும் கடத்திச் சென்றார்கள். தோல்வியை ஏற்ற கம்பெனி, பெட்டிக்கு 175 ரூபாய் கட்டினால் பம்பாய்க்குக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு என்ற முறைக்கு 1830 வாக்கில் இறங்கிவந்தது. கராச்சி வழி அப்போதும் மலிவாகவே இருந்ததால் 1835இல் கட்டணத்தை 125 ரூபாயாகக் குறைக்க வேண்டியதாயிற்று. 1843இல் சிந்து பிரிட்டிஷார் கைக்கு வந்து அந்த வழி அடைபட்டதும் கட்டணம் ஏறத் தொடங்கி, 1847இல் 400 ரூபாயைத் தொட்டது. மாற்று வழி இருக்கும்வரைதான் வணிகருக்குப் பேரம் பேசும் வலு இருந்தது என்பதற்கு இந்த எண்களே சாட்சி.

அரசின் கணக்கில் மாளவ முறைக்குச் செலவு குறைவு. ஏல விலை விழுந்தால் வரும் நட்டமும் அதில் இல்லை. ஆதாயத்தில் ஒரு பங்கு இந்திய வணிகர்களிடமே தங்கிப் பம்பாயின் முதலாயிற்று. வங்காளத்தில் அந்த வாய்ப்பை ஏகபோகம் பெரும்பாலும் விழுங்கிவிட்டது. ஆயினும் மாளவக் குடியானவர் தப்பிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு முன்பணம் தந்தவர் உள்ளூர் லேவாதேவிக்காரர், அதுவும் வட்டியோடு. நுகர்வைக் குறைப்பது இரு முறைகளின் நோக்கத்திலும் இருக்கவில்லை. 1907இல் சீனாவோடு செய்த உடன்பாட்டுக்குப் பிறகே, ஆண்டுக்கு 51,000 பெட்டி என்ற அளவிலிருந்து 5,100 பெட்டி வீதம் ஏற்றுமதியைக் குறைக்கத் தொடங்கினார்கள். சீனாவுக்கான விற்பனை 1913இல் நின்றது.

இன்று மருந்துத் தேவைக்காக மாளவத்தின் மந்த்சௌரிலும் நீமச்சிலும் கசகசா பயிரிட்டு அபின் எடுப்போர், மத்திய அரசின் உரிமம் பெற்று, எடுத்த அபின் முழுவதையும் அரசு விலைக்கே ஒப்படைக்கிறார்கள். மாளவ மண்ணில் இப்போது நடப்பது வங்காள முறை.