தேதிக்கு ஒரு தாள்: பிறந்தநாள் மேசை நாட்காட்டி

புத்தகக் காட்சியில் 350 ரூபாய் கொடுத்து வாங்கிய இந்த மேசை நாட்காட்டி, ஒவ்வொரு தேதிக்கும் ஒரு தாளை ஒதுக்கி, அந்நாளில் பிறந்த வரலாற்று மனிதர்களையும் கலைஞர்களையும் பிறந்த ஆண்டுடனும் ஊருடனும் தருகிறது. கிழமை அச்சிடப்படாததால் எந்த ஆண்டுக்கும் பயன்படும்.

ஊரைச் சேர்த்திருப்பதையே இதன் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன். ஜூன் 24ஆம் தேதித் தாளில், சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்த கண்ணதாசனும், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928இல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கிறார்கள். கவிஞருக்கும் அவருடைய வரிகளுக்கு மெட்டமைத்தவருக்கும் இடையே சரியாக ஓராண்டுதான் என்பதைப் பார்த்ததும் அந்தத் தாளைப் புரட்ட மனம் வரவில்லை. நவம்பர் 7 இன்னும் செறிவானது. வார்சாவில் பிறந்த மேரி கியூரி (1867), திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் (1888), பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன் (1954) ஆகியோர் அதில் சேர்ந்திருக்க, கியூரி 1903இலும் ராமன் 1930இலும் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற செய்தியும் உடன் உள்ளது.

தாள் கெட்டியானது, கம்பிச்சுருளும் உறுதியாக இருக்கிறது. எழுத்துதான் மிகச் சிறியது.

தேதிகளைக் கணக்கிட்ட முறையில் எனக்குக் குறை உண்டு. நியூட்டனை, அன்றைய இங்கிலாந்தில் வழங்கிய ஜூலியன் நாட்காட்டி என்னும் பழைய கணக்குப்படி 1642 டிசம்பர் 25இல் வைத்தவர்கள், ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியை மட்டும் இன்று நாம் பயன்படுத்தும் புதிய கணக்குப்படி நவம்பர் 7இல் வைத்திருக்கிறார்கள். பழைய கணக்கில் அவர் பிறந்தது அக்டோபர் 26. நியூட்டனைப் புதிய கணக்குக்கு மாற்றினால் 1643 ஜனவரி 4 ஆகிவிடும். எந்தக் கணக்கைப் பின்பற்றினோம் என்று முன்பக்கத்தில் ஒரு வரி அச்சிட்டிருக்க வேண்டும்.

அதைவிட வருத்தம் தருவது ஜூன் 2ஆம் தேதித் தாள். மணிரத்னத்துடன் இளையராஜாவின் பெயரும் எவ்விதக் குறிப்புமின்றி அங்கே இருக்கிறது. அவர் பிறந்தது ஜூன் 3. அது கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாள் என்பதால், அந்நாளில் மக்கள் கலைஞரை மட்டுமே வாழ்த்த வேண்டும் என்று தம் கொண்டாட்டத்தை ஒரு நாள் முன்னதாக மாற்றிக்கொண்டதாக அவரே கூறியிருக்கிறார். ஒரே நாளில் பிறந்தவர்களைத் தேடித் தொகுத்த நாட்காட்டியில் இச்செய்தி விடுபடலாமா? என் பிரதியில் ஜூன் 3ஆம் தேதித் தாளில், கருணாநிதியின் பெயருக்குக் கீழே, இதைப் பேனாவால் எழுதிச் சேர்த்துவிட்டேன்.