கையால் சுற்றும் மின்சரும் மூன்று லீற்றர் ஸ்டஃபரும்: வீட்டுச் சொசேஜ் அனுபவம்

இறைச்சி அரைக்கிற மின்சர் எது வாங்கலாம் என்று கேட்பவர்கள்தான் அதிகம். அரைத்த இறைச்சியைச் சொசேஜ் தோலுக்குள் எதை வைத்து நிரப்பப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், “அதுதான் மின்சரோடு ஒரு புனல் தர்றாங்களே” என்கிறார்கள். அந்தப் புனலில்தான் முக்கால்வாசிப் பேர் சொசேஜ் ஆசையையே விட்டுவிடுகிறார்கள். சில வருஷமாக இலங்கை மலையகத்தில், ஹட்டனில் வீட்டிலேயே செய்து சாப்பிட்டு வரும் அனுபவத்தில் சொல்கிறேன்: மின்சரில் காசை மிச்சம் பிடிக்கலாம், நிரப்புகிற கருவியான ஸ்டஃபரில் பிடிக்கக் கூடாது.

முதலில் மின்சர். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் மோட்டார் வைத்த எந்தச் சாமானையும் வாங்க மனம் வரவில்லை. அதே சமயத்தில் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 பக்கம் ஏறிப்போனதால் வாங்கவும் முடியாது. அதனால் கையால் சுற்றும் வார்ப்பிரும்பு மின்சர், 10ஆம் நம்பர். இந்த நம்பர்கள் எல்லாம் சல்லடைத் தட்டின் அளவைக் குறிப்பவை. 5ஆம் நம்பர் தட்டு 54 மில்லிமீற்றர் அகலம், 8 என்றால் 62, 10உம் 12உம் கிட்டத்தட்ட 70. ஐந்தாம் நம்பர் விளையாட்டுச் சாமான். இரண்டு கிலோ அரைப்பதற்குள் தோள் இறங்கிவிடும். 22, 32 எல்லாம் கல்யாண வீட்டுக்கு. நாலைந்து பேர் இருக்கிற வீட்டுக்கு 8 அல்லது 10 போதும்.

கடைக்குப் போகும்போது பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி வெள்ளையாக மினுங்குகிற மின்சர்களில் சில அலுமினியம். காந்தம் ஒட்டினால் வார்ப்பிரும்பு. வழுக்கி விழுந்தால் பெரும்பாலும் அலுமினியம்தான், வேண்டாம். அலுமினியம் இறைச்சியில் சாம்பல் நிறக் கோடு விடும், திருகு மரையும் சீக்கிரம் தேயும். வார்ப்பிரும்பும் புதிதில் கொஞ்சம் கறுப்பு விடத்தான் செய்யும். சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முதலில் ஒரு கைப்பிடி கழிவு இறைச்சியை அரைத்து வீசிவிட்டால் சரியாகும்.

இன்னொன்று, மேசையில் பூட்டுகிற கிளாம்ப். எங்கள் பக்கத்து வீடுகளில் சமையலறையில் இருப்பது கனமான சிமெந்துத் திட்டு. கிளாம்ப் வாய் அவ்வளவு அகலம் திறக்காது. சாப்பாட்டு மேசையில் பூட்டினால் ஆட்டம், விளிம்பில் வடு, வீட்டில் சண்டை. மர ஆலையில் ஒரு தடித்த பலகைத் துண்டு வாங்கி, மின்சரை அதில் பூட்டி, பலகையைத் திட்டின் மேல் வைத்து, மறு முனையில் அம்மிக் குழவியைப் பாரமாக ஏற்றினேன். இன்றுவரை அசையவில்லை. நட் போட்டு நிரந்தரமாக இறுக்குகிற மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

உள்ளே இருக்கிற கத்தியைத் திருப்பி மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். நாலு இறக்கையும் தட்டையாக இருக்கிற பக்கம் சல்லடைத் தட்டைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் இறைச்சி வெட்டுப்படாது, நசுங்கும். வெள்ளை நரம்பு கத்தியைச் சுற்றிக்கொண்டால் பாதியில் கழற்றிச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை, அதனால் நரம்பையும் சவ்வையும் முன்னமே கத்தியால் எடுத்துவிடுவது நல்லது. கத்தியும் தட்டும் மழுங்கினால் புதிது வாங்கத் தேவையில்லை. தட்டையான கண்ணாடி மேல் நைஸ் மணற்தாளை வைத்து, ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, இரண்டையும் தனித்தனியாக வட்டமாகத் தேய்த்தால் போதும்.

எங்கள் மழைக்கு மின்சரின் முதல் எதிரி துரு. ஜூன், ஜூலையில் ஹட்டனில் சுவரே வேர்க்கும். வெள்ளீயப் பூச்சு தேய்ந்த இடத்தில் ஒரே இரவில் மஞ்சள் பிடித்துவிடும். கழுவியதும் துடைத்து அடுப்புத் திட்டின் சூட்டில் காய வைத்து, எண்ணெய் பூச வேண்டும். தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தேன். இந்தக் குளிரில் அது உறைந்து திருகின் இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்கிறது. இப்போது பார்மசியில் மலச்சிக்கலுக்கு விற்கிற லிக்விட் பரஃபின் பூசுகிறேன். வாசனை இல்லை, கெடுவதில்லை. வாங்கும்போது கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

மலையகத்தில் இருக்கிறோம், குளிர் ஊர்தானே, இறைச்சி கெடாது என்று நினைப்பது தவறு. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் பக்கம். ஹட்டன் அதைவிடச் சூடு. இறைச்சிக்கு 4 பாகைக்குக் கீழே வேண்டும். குளிர் ஊரால் கிடைக்கிற லாபம், அரைக்கும்போது கொழுப்பு மெதுவாக இளகுவது மட்டும்தான். அதற்காக பிரிட்ஜைத் தவிர்க்க முடியாது. துண்டு போட்ட இறைச்சியைத் தட்டில் பரப்பி, ஓரம் விறைக்கும்வரை ஃப்ரீசரில் அரை மணிக்கு மேல் வைப்பேன். மின்சரின் திருகு, கத்தி, தட்டு மூன்றும் கூடவே ஃப்ரீசருக்குள் போகும். அரைத்து வெளியே வருகிற இழையில் சிவப்பும் வெள்ளையும் தனித்தனியாகத் தெரிந்தால் நல்லது. எல்லாம் கலந்து வெளிறிய சிவப்பில் பற்பசை மாதிரி பிதுங்கினால் கொழுப்பு இளகிவிட்டது. அங்கேயே நிறுத்தி மறுபடி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். அதைப் பொருட்படுத்தாமல் செய்து முடித்தால், பொரிக்கும்போது கொழுப்பெல்லாம் சட்டியில் நிற்கும், உள்ளே மரத்தூள்தான் இருக்கும்.

அளவு பெரிய ரகசியம் இல்லை. ஒரு கிலோவில் 700 முதல் 750 கிராம் தனி இறைச்சி, மிச்சம் கொழுப்பு. உப்பு 15 முதல் 18 கிராம். கண் அளவு, கை அளவு எல்லாம் குழம்புக்குச் சரி. இதற்கு கிராம் காட்டுகிற தராசு வேண்டும். உப்பும் மசாலாவும் போட்டபிறகு, ஐஸ் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைய வேண்டும். விரல் மரத்துப்போகும், ஆனால் விடக் கூடாது. உப்பு இறைச்சியின் புரதத்தை வெளியே இழுத்துப் பசையாக்குகிறது. கொழுப்பையும் தண்ணீரையும் பிடித்து வைப்பது அந்தப் பசைதான். ஒரு உருண்டையை உள்ளங்கையில் தட்டிக் கையைத் தலைகீழாகத் திருப்பினால் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். விழுந்தால் இன்னும் பிசையுங்கள். கீல்ஸ், எலிபன்ட் ஹவுஸ் கம்பனிகளின் சொசேஜ் பக்கெட்டில் வருகிற வழவழப்பு மட்டும் கை மின்சரில் வராது. அதற்கு பௌல் கட்டர் என்ற பெரிய மெசின் தேவை. அந்த வழவழப்புதான் வேண்டும் என்றால் பக்கெட் வாங்குவதே உத்தமம்.

இறைச்சியில் பன்றியின் முதுகுக் கொழுப்புக்கு ஈடு எதுவும் இல்லை, இறுக்கமாக இருக்கும், லேசில் இளகாது. பன்றி சாப்பிடாத வீடுகளுக்கு கோழித் தொடை, தோலோடு. “நானா, தொடையில தோலை எடுக்காம தாங்க” என்று கேட்டால் எங்கள் கடைக்காரர் இன்னும் சிரிக்கிறார். மற்றவர்கள் எல்லாரும் தோலை உரிக்கச் சொல்லித்தான் நிற்பார்களாம். ஆட்டிறைச்சி ருசி, ஆனால் ஆட்டுக்கொழுப்பு ஆறினதும் மேல்வாயில் மெழுகாக ஒட்டும். ஆட்டிறைச்சியோடு கோழித்தோலைச் சேர்ப்பது என் வழி. போயா என்கிற பௌர்ணமி நாளில் இறைச்சிக் கடை பூட்டு, செவ்வாய் வெள்ளியில் வீட்டில் மச்சம் கிடையாது, ஆகவே சனி மாலை வாங்கி ஞாயிறு செய்வதுதான் தோது. மசாலாவுக்கு மாத்தளை மிளகும் சாதிக்காயும் பூண்டும் போதும். கரையோரத்தில் போர்த்துக்கேயர் காலத்துச் செல்வாக்கில் வந்த லிங்குஸ் என்ற சொசேஜ் மாதிரி செய்ய ஆசைப்பட்டால் வினாகிரியும் சாராயமும் சேர்ப்பார்கள். வினாகிரியைக் கடைசியில் மட்டும் விடுங்கள், முன்னமே விட்டால் பசை பிடிக்காமல் உதிரும்.

இனி அந்தப் புனல் விவகாரம். கத்தியையும் தட்டையும் கழற்றிவிட்டு புனலைப் பூட்டி, அரைத்த இறைச்சியை மறுபடி மேலே போட்டுச் சுற்றச் சொல்வார்கள். திருகு இறைச்சியை நேராகத் தள்ளுவதில்லை, உருட்டி உராய்ந்துதான் தள்ளுகிறது. அவ்வளவு பாடுபட்டுக் குளிராக வைத்த கொழுப்பு இந்த இடத்தில் இளகுகிறது. பிசைந்த இறைச்சி ஒட்டும் என்பதால் மேலே இருந்து தானாக இறங்காது. ஒருவர் கட்டையால் குத்த, ஒருவர் சுற்ற, இன்னொருவர் தோலைப் பிடிக்க வேண்டும். இடையிடையே காற்று வேறு. ஒரு கிலோவுக்கு வீடே கூடி நிற்கும்.

மூன்று லீற்றர் ஸ்டஃபர் வந்ததும் இதெல்லாம் போச்சு. நிமிர்ந்து நிற்கிற துருப்பிடிக்காத உருளை, மேலே பல்சக்கரத்தில் இறங்குகிற அமுக்கி, அடியில் குழாய். இறைச்சியை உருண்டை பிடித்து உருளைக்குள் ஓங்கி எறிந்து முஷ்டியால் அமுக்க வேண்டும், காற்று போவதற்காக. குழாயை நனைத்து, தோலை முழுக்க அதில் சுருக்கி ஏற்றி, நுனியைக் கட்டாமல் விட்டுவிடுங்கள். இறைச்சி குழாய் வாய்க்கு வந்து எட்டிப்பார்த்த பிறகு முடிச்சுப் போட்டால் உள்ளே காற்று அடைபடாது. வலக்கை மெதுவாகச் சுற்ற, இடக்கை விரல் குழாய் வாயில் தோலை லேசாகப் பிடித்துக்கொள்ளும். இறுக்கிப் பிடித்தால் தடிக்கும், விட்டால் மெலியும். முழுக்கப் புடைக்க நிரப்பக் கூடாது. பிறகு முறுக்கித் துண்டு பிரிக்க இடம் வேண்டும். ஒன்றை வலப்பக்கம் முறுக்கினால் அடுத்ததை இடப்பக்கம், அப்போதுதான் அவிழாது. காற்றுக் குமிழி தெரிந்த இடத்தில் ஊசியால் ஒரு குத்து.

குறையும் உண்டு. குழாயிலும், உருளையின் அடியில் அது பொருந்துகிற வளைவிலும் நூறு கிராமுக்கு மேல் தங்கிவிடும். அதை உருண்டை பிடித்துப் பொரித்துத் தீர்க்கிறோம். ஒரு கிலோவுக்குக் குறைவாகச் செய்வதென்றால் கழுவுகிற வேலைக்குக் கட்டுப்படியாகாது. வாங்கும்போது பல்சக்கரம் பிளாஸ்டிக்கா உலோகமா என்று மூடியைத் திறந்து பாருங்கள், அமுக்கியில் காற்று வெளியேறும் வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். அமுக்கியைச் சுற்றியுள்ள சிலிக்கோன் வளையம் தேய்ந்தால் இறைச்சி மேல்பக்கமாக ஏறும், வேறு மாடல் வளையம் பொருந்தாது. உபரியாக ஒன்று கேட்டே வாங்குங்கள்.

தோல் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: குடல் சுத்தம் செய்யத் தெரிந்த கைகள் வீட்டில் இருக்கும். ஆட்டின் சிறுகுடலை ஒரு பாகம் நீளத்துக்கு வெட்டி, நுனியை வெளியே மடித்து அந்த மடிப்புக்குள் குழாய்த் தண்ணீர் விட்டால், தண்ணீரின் பாரத்திலேயே முழுக்க உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டுவிடும். பிறகு பலகையில் நீட்டி, கரண்டியின் முதுகால் வழித்துக்கொண்டே வர வேண்டும். சளியும் சதையும் போய், பின்னால் பலகையின் ரேகை தெரிகிற அளவுக்குக் கண்ணாடியாக ஒரு சவ்வு மிஞ்சும். அதுதான் தோல். மஞ்சளும் தேசிக்காய்ச் சாறும் போட்டு அலசி, கல்லுப்பில் புரட்டி பிரிட்ஜில் வைத்தால் நாள்பட இருக்கும். நேரம் இல்லாதவர்களுக்கு கொலாஜன் தோல், கொழும்பில் இருந்து வரவழைக்கலாம். ஒரே தடிப்பாக அழகாக வரும், ஆனால் முறுக்கு நிற்காது, நூலால் கட்ட வேண்டும். பழகும்வரை தோலே இல்லாமல், வாழையிலையில் உருட்டி ஆவியில் அவித்தும் சாப்பிடலாம்.

வேகவைக்கக் கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், தோல் வெடிக்கும். 75, 80 பாகைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்க்க வேண்டும்: பன்றி, ஆடு என்றால் 71, கோழி என்றால் 74. மலையில் தண்ணீர் 100க்கு முன்னமே கொதித்துவிடுவதால் பருப்பு வேகச் சுணங்கும். இதற்கு அந்தக் கவலை இல்லை. பிறகு சட்டியில் புரட்டி நிறம் ஏற்றலாம்.

கடைசியாகப் புகை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின குச்சியான மிலாறு அடுப்பில் எரிகிற வீட்டில், மேலே தொங்கவிட்டால் என்ன என்று எல்லாருக்கும் தோன்றும். தொங்கவிடாதீர்கள். சூடு குறைந்த புகையில், காற்றுப் படாத தோலுக்குள், பொட்யுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சாதலை உண்டாக்கும் கிருமி வளர வசதி இருக்கிறது. அதைத் தடுப்பது சோடியம் நைட்ரைட் கலந்த பதப்படுத்தும் உப்பு. 6.25 சதவீதக் கலவை என்றால் ஒரு கிலோவுக்கு 2.5 கிராம், அதையும் கிராமில் பத்தில் ஒன்று காட்டுகிற சின்னத் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். கூடினால் அதுவே நஞ்சு. வெடியுப்பைக் குத்துமதிப்பாகப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். நான் புகை பக்கம் போகவில்லை. பச்சைச் சொசேஜை இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுகிறோம், மிச்சத்தைச் செய்த அன்றே ஃப்ரீசரில் போட்டு, ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுகிறோம்.