எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றி இருபது மாதம்

கேத்தியில் இருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "அண்ணா, நீங்க எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏத்தினீங்களே, இப்போ எப்படி ஓடுது? நானும் போட்டுடட்டுமா?" டிசம்பரில் கேட்டிருந்தால் யோசிக்காமல் போடுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஜனவரிக்குப் பிறகு கேட்டதால் பதில் கொஞ்சம் நீண்டுவிட்டது.

என்னுடையது 2017-ல் வாங்கிய லேப்டாப். ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஊட்டி பக்கம் முத்தோரை பாலாடாவில் நாங்கள் நான்கைந்து குடும்பம் சேர்ந்து கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புகிறோம். மூட்டைக் கணக்கு, லாரி வாடகை, கழுவும் கூலி, கமிஷன் எல்லாம் இதில்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடியும் என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். 11-க்குப் போகலாம் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. அதனால் 2024 மே மாதம் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று, அதாவது தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க், வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸை அதில் ஏற்றினேன். அதைச் செருகும் எம்.2 இடம் உள்ளே காலியாக இருந்தது. பழைய டிஸ்க்கைக் கழற்றவே வேண்டியிருக்கவில்லை, பழைய பில்களுக்கு அது பரண் மாதிரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கேதான் வினை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நிறைய இருக்கிறது. முன்பெல்லாம் விடியற்காலையில் பட்டனை அழுத்திவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால், டீ கொதித்து இறங்கிய பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டி வந்தபின் டீயை டம்ளரில் ஊற்றுவதற்குள் கணக்கு ஃபைல் திறந்துவிடுகிறது. தமிழ்99 விசைப்பலகையில் வேகமாக அடித்தால் பழையதில் எழுத்து பின்தங்கி வரும். இப்போது விரலோடு வருகிறது. இருபது மாதத்தில் ஒரு தடவைகூட உறைந்து நின்றதில்லை. வேலை நடுவே அப்டேட் என்று உட்கார்ந்துகொண்டதும் இல்லை. எஸ்எஸ்டியில் அழித்த இடத்தைத் துப்புரவாக்கும் டிரிம் வேலையை லினக்ஸே வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறது.

இன்னொன்று, இது மலைக்காரர்களுக்கு. ஹார்டு டிஸ்க்கில் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். பெரும்பாலான டிஸ்க்குகளுக்குச் சுமார் 3,000 மீட்டர் வரை என்று எழுதியிருப்பார்கள். ஊட்டி 2,240 மீட்டர்தான், அதனால் உயரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உறைபனிக் காலையில் அந்த டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது போடும் சத்தத்தைக் கேட்டால் பாவமாக இருக்கும். எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு ஒன்றுமே இல்லை.

அப்படியிருந்தும் ஒரு உறுத்தல் முதல் நாளிலிருந்தே கூட வந்தது. ஆன் செய்தால் லோகோ வருவதற்கு முன் பத்துப் பன்னிரண்டு நொடி திரை கறுப்பாக நிற்கும். அந்த நேரத்தில் பழைய டிஸ்க் 'க்ர்ர்... டக்' என்று முனகும். லினக்ஸ் இருப்பது எஸ்எஸ்டியில், இவனை ஏன் எழுப்புகிறது என்று தோன்றும். விசாரித்தால் "பயாஸ் எல்லா டிஸ்க்கையும் ஒருமுறை பார்க்கும், அப்படித்தான்" என்றார்கள். பயாஸ் என்பது ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம். நம்பிவிட்டேன். நம்பியிருக்கக் கூடாது.

ஜனவரியில் ஒரு நாள், காலை நாலரை மணி. கேரட் தழை மேல் பனி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மண்டிக்குப் போன லாரியின் கணக்கைப் பார்க்க ஆன் செய்தேன். முனகல் இல்லை, லோகோவும் இல்லை. பூட் செய்ய டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் எஸ்எஸ்டி பத்திரமாகப் பட்டியலில் இருக்கிறது. பழைய டிஸ்க்கைத்தான் காணவில்லை, அது செத்துவிட்டது. செத்தது பழையது, எழ மறுப்பது புதியது. அன்றைக்குக் கணக்கைச் சிட்டையில் எழுதித்தான் பிரித்தோம்.

காரணம் இதுதான். இந்தக் காலத்து யுஇஎஃப்ஐ (புது வகை பயாஸ்) மெஷின்களில், எங்கிருந்து எழ வேண்டும் என்று சொல்லும் பூட்லோடர், டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த ஒரு சின்ன ஃபேட்32 பார்ட்டிஷனில் இருக்கும். நான் எஸ்எஸ்டியில் அதற்காகவே 512 எம்பி ஒதுக்கியிருந்தேன். இன்ஸ்டால் செய்யும்போது 'பூட்லோடரை எந்த டிஸ்க்கில் வைக்கட்டும்' என்று ஒரு கட்டம் கேட்கிறது. எஸ்எஸ்டியைத்தான் காட்டினேன். அந்தத் திரையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், இப்போது மறுபடி பார்த்தேன், எஸ்எஸ்டி என்றுதான் இருக்கிறது. ஆனால் இன்ஸ்டாலர் போய் பழைய டிஸ்க்கில், விண்டோஸ் விட்டுப்போன பார்ட்டிஷனில் அதை வைத்திருக்கிறது. கண்ணில் பட்ட முதல் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. இந்தப் பழக்கம் ஒரு இன்ஸ்டாலருக்கு மட்டும் உரியதில்லை, அதனால் பெயர் சொல்லவில்லை.

கேட்காமல் செய்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கேட்டுவிட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டு, வேறொன்றைச் செய்து, முடிந்தது என்று சொல்வது எனக்கு ஆறவே இல்லை. இலவசமாகத் தருகிறார்கள், பலர் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், அந்த நன்றி உண்டு. ஆனாலும் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சொன்னதைச் செய்யுங்கள்.

அன்று ராத்திரி லினக்ஸ் பென்டிரைவைப் போட்டு எழுப்பினேன். கணக்கு ஃபைல்கள் எல்லாம் எஸ்எஸ்டியில் அப்படியே இருந்தன, அப்போதுதான் மூச்சு வந்தது. பழைய பில்களுக்கும் வேறொரு பென்டிரைவில் நகல் உண்டு. 512 எம்பி பார்ட்டிஷனைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. இருபது மாதம் காலியாகவே கிடந்திருக்கிறது. கட்டளை அடிக்கும் டெர்மினலில் எஸ்எஸ்டிக்குள் நுழைந்து கிரப் பூட்லோடரை அதில் ஏற்ற ஐந்து நிமிடம் ஆனது. ரீஸ்டார்ட் செய்ததும் லோகோ வந்தது. அப்புறம் ஒன்றரை நிமிடம் திரையில் நொடிக் கணக்கு ஓடி, மறுபடி கறுப்புத் திரை, அவசர நிலை. ஏனென்றால் எந்தப் பார்ட்டிஷனை எங்கே ஏற்ற வேண்டும் என்று எழுதி வைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைல், செத்துப்போன டிஸ்க்கையே இன்னும் தேடிக்கொண்டிருந்தது. அந்த வரியில் புது பார்ட்டிஷனின் அடையாள எண்ணை எழுதினேன். நடுவே ஒரு கோடு, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, மொத்தம் எட்டே எழுத்து. அதை மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் சேமித்தேன். பழைய டிஸ்க்கைப் பரணாக ஏற்றிய வரியையும் எடுத்துவிட்டேன்.

இப்போது எட்டு நொடியில் எழுகிறது. சத்தமே இல்லை. வாங்கிய முதல் நாளே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போதுதான் மறுபடி கோபம் வருகிறது.

போடுகிறவர்களுக்கு: இன்ஸ்டால் செய்யும் முன் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பயாஸில் அந்த போர்ட்டை நிறுத்தும் வசதி இருந்தால் அதுவும் சரி. புதியது தனியாக எழுகிறது என்று பார்த்தபின் பழையதை மாட்டுங்கள். ஏற்கனவே போட்டுவிட்டவர்கள், டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து பூட் பார்ட்டிஷன் எந்த டிஸ்க்கில் ஏறியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

நண்பரிடம் கடைசியில், இப்போதைக்கு வேண்டாம், கேரட்டுக்கு விலை இருக்கிறவரை மெஷினில் கை வைக்காதீர்கள் என்றுதான் சொன்னேன். "அப்போ உங்களது நல்லா ஓடலையா?" என்று கேட்டார். இவ்வளவு நல்ல மெஷின் என்னிடம் இதற்கு முன் இருந்ததில்லை என்றேன். இரண்டுமே உண்மைதான். என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று.