தடைக்காலமா, 'கை' மாநாடா? பிஎச்டி பட்டறைகள் ஓர் அலசல்

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் ஊர் ஸ்காலர்களிடம் 'டிசி' என்றால் டாக்டோரல் கமிட்டி, அதாவது ஆய்வு எவ்வளவு நகர்ந்தது என்று சோதித்து வயிற்றைக் கலக்கும் கூட்டம். நான் சொல்லவருவது டாக்டோரல் கன்சார்ட்டியம். பாதிக் கிணறு தாண்டிய ஆய்வு மாணவர்களை மாநாட்டையொட்டி ஓரிரு நாள் மூத்த ஆய்வாளர்கள் உட்காரவைத்து, துருவிக் கேட்டு வழிகாட்டும் பட்டறை. இதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை.

நான் தண்டையார்பேட்டைக்காரன். காசிமேட்டில் விசைப்படகு ஆட்கள் போனை எப்படிப் புழங்குகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. மீன் எங்கே திரளும் என்று ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் தகவல் தருகிறது. அதைக் கொண்டுசேர்க்கத் தரமணி சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் செயலியும் உண்டு. ஆனாலும் மச்சான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜுக்குத்தான் மவுசு. ஏன்? இந்தக் கேள்வியை எந்தப் பட்டறைக்குத் தூக்கிப்போவது என்று ஒரு வருஷம் அல்லாடினேன்.

பெரியது சிஎச்ஐ. கணினி, போன் போன்றவற்றை மனிதர்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஆராயும் மனிதர்–கணினி ஊடாட்டத் துறையில் 1982 முதல் வேர்பிடித்த மாநாடு. வாயால் சொல்லும்போது 'கை'. வீட்டில் "கை மாநாட்டுக்கு அப்ளை பண்றேன்" என்றதும் அப்பா, "காங்கிரஸ்ல எப்போடா சேர்ந்தே?" என்றார். அதன் பட்டறைக்கு உலகம் முழுக்க இருந்து வரும் மனுக்களில் ஒரு சின்னக் கூட்டத்தைத்தான் எடுப்பார்கள். ஆய்வுச் சுருக்கம், கைடு கடிதம் எல்லாம் பல மாதம் முன்பே போயாக வேண்டும்.

என்னோடு படிக்கும் தோழி 2025இல் யோகோஹாமா போனாள். மீன் விற்கும் அக்காக்களின் க்யூஆர் அட்டையும் பணம் வந்ததும் பேசும் சவுண்ட் பாக்ஸும் அவள் ஆய்வு. அங்கே ஒருவர் கேட்டாராம்: "அவ்வளவு இரைச்சலான சந்தையில் அந்தப் பெட்டி பேசுவது யார் காதில் விழுகிறது?" அவள் அசந்துவிட்டாள். ஊருக்கு வந்து நின்று பார்த்தால், அக்காக்கள் பெட்டியைக் கேட்பதே இல்லை. கையிலுள்ள வஞ்சிரத்தைக் கீழே வைக்காமல் வாங்குபவரின் போன் திரையை எட்டிப் பார்க்கிறார்கள். அந்தச் சந்தையிலேயே வளர்ந்த எங்களுக்குத் தோன்றாத கேள்வி. வெளியாள் கண்ணுக்காகவே போகலாம்.

செலவுதான் கண்ணைக் கட்டும். கேரி மார்ஸ்டன் பெயரிலான பயண உதவி, ஏசிஎம் இந்தியா, ஐஏஆர்சிஎஸ் என்ற கணினித்துறை அமைப்புகளின் உதவி என்று வழிகள் உண்டு. பல உதவிகள் பில் காட்டிய பிறகே கைக்கு வரும் என்பதால் அவள் வளையலை அடகு வைத்துத்தான் டிக்கெட் போட்டாள். 2024 ஹோனலூலு என்றபோது அமெரிக்க விசா மனுவுக்கு மட்டும் 185 டாலர், மறுத்தால் திரும்பாது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ஜெமினியில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம் பக்கம்தான், ஹோனலூலுதான் தூரம்.

என்னைத் தடுத்தது வேறு, காலண்டர். 'கை' மாநாடு 2024இல் மே, 2025இல் ஏப்ரல் கடைசி, 2026இல் ஏப்ரல் நடுவில் பார்சிலோனா. நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஆட்கள் வலை பழுதுபார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். மற்ற மாதங்களில் கடலுக்குப் போனால் வர எத்தனை நாளோ. களவேலைக்காரனுக்கு அந்த 61 நாள்தான் அறுவடை.

உள்நாட்டுப் பட்டறைகள் இந்த வகையில் தேவலாம். இதே துறைக்கு நம் நாட்டில் நடக்கும் இந்தியாஎச்சிஐ மாநாடு பெரும்பாலும் நவம்பர் வாக்கில்தான். ரயில் டிக்கெட் போதும், 'ஏலம்', 'மானியம்' என்று விளக்கிக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஆனால் நான் போன ஓர் அமர்வில் ஆளுக்கு எட்டே நிமிடம், அதிலும் பாதி ஸ்லைடில் எழுத்து சிறிதாக இருக்கிறது என்பதற்கே போனது. டீ இடைவேளையில் ஒரு பேராசிரியை பேட்டிக் குறிப்புகளை வகைப்பிரிப்பது பற்றிச் சொன்ன இரண்டு வாக்கியங்கள்தான் லாபம்.

மூன்றாவதுக்குப் பெயரே இல்லை. ராயபுரத்தில் ஒரு மாடி அறை, ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, நாங்கள் நான்கு ஸ்காலர்கள். சான்றிதழ் கிடையாது, சிவியில் போட முடியாது, கைடு மதிக்கவும் மாட்டார். ஒருநாள் படகு ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து, என் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டினேன். 'தங்கள் தரவு பாதுகாப்பாக வைக்கப்படும்' என்ற வரியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாதுகாப்புன்னா, யாருகிட்டேர்ந்துபா?"

நான் விழித்தேன்.

"இதுல கையெழுத்து போட்டா நாளைக்கு டீசல் மானியத்துல கை வெச்சிட மாட்டாங்களே?"

படிவத்தை அன்றிரவே கிழித்துவிட்டு வாய்மொழி ஒப்புதலாக மாற்றி எழுதினேன். மச்சான் வாய்ஸ் மெசேஜ் ஏன் ஜெயிக்கிறது என்பதன் நுனியும் அங்கேதான் அகப்பட்டது. மச்சான் கையெழுத்து கேட்பதில்லை.

ஆகவே என் கணக்கு: முதல் களவேலை முடியும்வரை ராயபுரம் மாடியே போதும். வேலை தேடும் எண்ணமும் வெளிநாட்டுத் தொடர்பும் வேண்டுமென்றால் 'கை'யை விடாதீர்கள், அந்த வட்டத்தை வேறெங்கும் பிடிக்க முடியாது. ஆனால் பேட்டிகள் முடிந்து, அத்தியாயங்கள் இன்னும் இறுகாத ஆண்டாகப் பார்த்துப் போங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தறுவாயில் போனால் நல்ல யோசனைகூடத் தலைவலியாகத்தான் தெரியும்.

நான் அடுத்த முறை மனு போடுகிறேன். இந்தத் தடைக்காலத்துக்கு இன்னும் 14 பேரின் பேட்டி பாக்கி.