வெடேலியாவை அடக்க வீட் மெட் வாங்கலாமா?

மட்டக்களப்பு டவுனில் ஹாட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருகிற, களை வராமல் நிலத்தை மூடுகிற கறுப்பு நெய்த விரிப்பைத்தான் சொல்கிறேன், வீட் மெட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கல்லடிப் பக்கம் வளவு வைத்திருப்பவர்களுக்கு வெடேலியாவைத் தெரியாமல் இருக்காது: மஞ்சள் பூவோடு மதிலோரம் முழுக்கப் படர்ந்து, கத்தரி, மிளகாய் என்று பார்க்காமல் எல்லாவற்றின் அடியையும் மூடிவிடும். அதற்காகத்தான் வாங்கினேன். நல்ல சாமான், வாங்கலாம், ஆனால் கடையில் சொன்ன மாதிரி பாவித்தால் காசு வீண்.

"கொடிக்கு மேலேயே விரித்து விடுங்கோ, தானாகச் செத்துப்போகும்" என்றார் கடைக்காரர். அப்படி லேசில் சாகாது. தண்டில் கணுவுக்குக் கணு வேர் விடுகிற கொடி அது, விரிப்புக்குக் கீழேயே ஊர்ந்துபோய் ஓரத்தால் தலையை நீட்டும். மண்வெட்டியால் கொத்தினால் இன்னும் மோசம், அறுந்த துண்டெல்லாம் தனிச் செடியாகிவிடும். மழை பெய்து மணல் ஈரமாக இருக்கும்போது முள்ளுப் போர்க்கால் (மண் கிளறுகிற பல் வைத்த கருவி) கிளப்பி, கொடியைக் கையால் நீளமாக இழுத்தெடுங்கள். அப்புறம் விரியுங்கள். இழுத்ததைத் தெருவோரத்திலோ வாவிக்கரையிலோ கொட்டாதீர்கள், அங்கேயும் வேர் பிடிக்கும். உரப்பையில் இறுக்கிக் கட்டி அழுகும்வரை வெயிலில் போட்டுவிடுங்கள்.

வெட்டிய விளிம்பில் நூல் பிரியும், மெழுகுதிரிச் சுடரை ஓரமாக ஓட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். கூடத் தருகிற கட்டைக் கம்பி ஊசிகள் எங்கள் மணலில் நிற்காது, கச்சான் காற்று அடித்தால் ஒரு பக்கம் கிளம்பிவிடும், அதனால் நான் ஓரத்தை ஒரு சாண் ஆழத்துக்குப் புதைத்துவிட்டேன். மாரி மழைக்குத் தண்ணீர் தேங்கவில்லை, நெசவு வழியாக இறங்கிவிடுகிறது. மேலே சேர்கிற மணலையும் சருகையும் மட்டும் அவ்வப்போது கூட்டித் தள்ள வேண்டும், விட்டால் மதிலுக்கு அப்பால் இருந்து வருகிற கொடி அதிலேயே வேர் ஊன்றும்.

கோரை உள்ள இடத்துக்கு இதை நம்பி வாங்காதீர்கள், அதன் முளை ஊசி மாதிரி நெசவைத் துளைத்துக்கொண்டு வரும்.

இன்னொன்று, மருந்துக்குப் பாவிக்கிற மஞ்சள் கையாந்தகரை என்று நினைத்து வெடேலியாவைப் பிடுங்காமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே இனத்துச் சொந்தம்தான், ஆனால் வேறு செடிகள். வெடேலியாவின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், கையாந்தகரை இலை நீட்டாக ஒடுங்கியிருக்கும். பார்த்துப் பிடுங்குங்கள்.