கேணிக்கரை ஸ்பைரல் நோட்ஸ், ‘இரு பரிமாணச் சிதறல்’: வாங்கலாம், மூன்றாம் பாடத்தைத் திருத்திக்கொண்டு

ராமநாதபுரம் கேணிக்கரைப் பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் எம்.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகளுக்கு விற்கும் நோட்ஸ்களில் இது தனி ரகம். காந்தப் பாயத்தைச் சுமக்கும் மின்துகள்கள் தளத்தில் மோதினால் எப்படிச் சிதறும் என்பது மட்டுமே பொருள். தொகுத்தவர் பெயர் அட்டையில் இல்லை.

கொடுத்த காசுக்கு முதல் பாடமே போதும். காந்தப் பாயத்தைச் சுற்றி மின்துகள் எப்படிச் சிதறும் என்று இயற்பியலாளர்கள் அகரனோவும் போமும் 1959-இல் போட்ட கணக்கு. பாயத்தை எச்/ஈ-யால் (பிளாங்க் மாறிலி ÷ மின்னூட்டம்) வகுத்தால் ஆல்பா. ஆர அலைச் சமன்பாட்டில் கோண உந்த எண் எம் இருந்த இடத்தில் எம்+ஆல்பா வருகிறது. ஆல்பா 0-க்கும் 1-க்கும் நடுவே இருந்தால், எம் குறை எண்ணாக இல்லாதபோது ஃபேஸ் ஷிஃப்ட் (சிதறிய அலையின் கட்ட நகர்வு) −பை.ஆல்பா/2, குறை எண் என்றால் +பை.ஆல்பா/2. எம் எவ்வளவு ஏறினாலும் இது தேயாது, தொடர் ஒருங்காது. நூறு உறுப்பைக் கூட்டிவிட்டு வரைபடம் ஏன் நெளிகிறது என்று முழிப்பது இதனால்தான். நோட்ஸ் சொல்லும் வைத்தியம் சரி: எம் ஏற ஏற அடுக்குக்குறியாகத் தேயும் ஒரு காரணியால் பெருக்கி, பெருக்குத் தொடராகக் கூட்டி, கடைசியில் அந்தத் தேய்வைச் சுழியாக்க வேண்டும். விடையாக வரும் சிதறல் குறுக்குவெட்டு: சைன்²(பை.ஆல்பா) ÷ [2.பை.கே.சைன்²(தீட்டா/2)]. கே அலை எண், தீட்டா சிதறல் கோணம். ஆல்பா 1/4, கோணம் 90° என்றால் 0.159/கே வர வேண்டும். தளத்தில் இந்தக் குறுக்குவெட்டு பரப்பு அல்ல, நீளம்.

இரண்டாம் பாடம், போசானுக்கும் ஃபெர்மியானுக்கும் இடைப்பட்ட ‘எனியான்’ துகள்கள் பற்றி 1977 லைனாஸ்-மிர்ஹெய்ம், 1982 வில்செக் என்று வரலாறு. புரட்டிவிட்டுப் போகலாம்.

மூன்றாவதில்தான் கோளாறு. ஒரே வகைத் துகள்கள் இரண்டு மோதும்போதும் பழைய சூத்திரத்தையே போட்டிருக்கிறார்கள். தீட்டா, தீட்டா+பை இரண்டின் வீச்சுகளையும் கூட்டிய பிறகே வர்க்கம் எடுக்க வேண்டும். போசானிலிருந்து தொடங்கினால் இரட்டைப்படை எம் மட்டுமே மிஞ்சும், விடை 2.சைன்²(பை.ஆல்பா) ÷ [பை.கே.சைன்²(தீட்டா)]. மேலே சொன்ன அதே சோதனையில் 0.318/கே. ஆல்பா 0 போசான், 1 ஃபெர்மியான், இரண்டிலும் சுழி. பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள்.

கூலும் விரட்டலை (ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதை) சேர்க்கும் நான்காம் பாடம் கனமானது, நல்லது. ஆனால் பைத்தான் நிரலில் காமா சார்பைக் கணக்கிட்டுப் பிறகு அதன் கோணத்தை எடுக்கிறார்கள். எம் 170-ஐத் தாண்டினால் ஓவர்ஃப்ளோ. சைபை என்ற பைத்தான் நூலகத்தின் லாக்காமாவை (காமா சார்பின் மடக்கை) எடுத்து அதன் கற்பனைப் பகுதியைப் பயன்படுத்துங்கள். ஆல்பாவைச் சுழியாக்கினால் ஈட்டா.டான்ஹெச்(பை.ஈட்டா) ÷ [2.கே.சைன்²(தீட்டா/2)] வந்தால் நிரல் சரி; ஈட்டா என்பது விரட்டலின் வலிமையைச் சொல்லும் எண். பாயமும் மின்னூட்டமும் சேர்ந்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் பொதுவாகச் சமமாக வராது. அது பிழையல்ல, நிரலை நோண்ட வேண்டாம்.

மண்டபம், பாம்பன் பக்கம் தங்கிப் படிப்பவர்கள் பிளாஸ்டிக் ஸ்பைரலே கேளுங்கள், கம்பி உப்புக்காற்றில் துருவேறும். லேசர் பிரின்ட்தானா என்றும் பாருங்கள். இங்க்ஜெட் பிரதியில் ஈரம் பட்டால் முதலில் கலங்குவது எம்+ஆல்பாவின் இருபுறமும் நிற்கும் மட்டுக்குறிக் கோடுகள். அவை போனால் ஃபேஸ் ஷிஃப்ட்டின் குறியும் போச்சு.