பில்டிங் சொசைட்டியில் அன்றாடக் கணக்கு திறக்கப் போகிறீர்களா? எனக்கு 386 பவுண் போனது

386 பவுண். நேற்றுத்தான் அவர்களுடைய கடைசிக் கடிதம் வந்தது, கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வங்கியா பில்டிங் சொசைட்டியா (உறுப்பினர்களே சொந்தக்காரராக இருக்கிற, சேமிப்பும் வீட்டுக் கடனும் பார்க்கிற பிரிட்டன் நிறுவனம்), எதைத் தெரிவு செய்வது என்றும் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது லண்டன் ஹரோ பக்கம். பதினாறு வருடம் கணக்கு வைத்திருந்த வங்கி எங்கள் தெருக் கிளையை மூடிவிட்டது, எல்லாம் ஆப்பில் செய் என்கிறான். அந்த எரிச்சலில் இருந்தபோது வேலையிடத்து அண்ணா ஒருவர், "வங்கிக்காரனை நம்பாதே தம்பி, 2007இல் நார்தன் ரொக் வங்கி வாசலில் சனம் காசை எடுக்கக் கியூவில் நின்றது மறந்துபோச்சா? சொசைட்டிக்குப் பங்குச்சந்தை முதலாளி கிடையாது, உறுப்பினர்தான் சொந்தக்காரர்" என்றார். (நார்தன் ரொக்கும் 1997 வரை சொசைட்டிதான். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.)

போனேன். நேஷன்வைட் மாதிரிப் பெரியது இல்லை, உள்ளூர்ச் சின்னச் சொசைட்டி. கவுண்டரில் இருந்த பெண் பெயர் கேட்டு, அதைச் சரியாக உச்சரிக்கவும் பழகி, இருக்கச் சொல்லி, ஒரு பாஸ்புக்கை நீட்டினாள். ஊரில் அம்மா அலுமாரியில் வைத்திருந்த சேமிப்புப் புத்தகம் போலவே இருந்தது. அதைக் கையில் வாங்கியதும் என் புத்தி மழுங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். "என் சம்பளம் இதற்குள்தான் வரும், அன்றாடச் செலவும் இதிலிருந்துதான், சரிதானே?" என்று இரண்டு தரம் கேட்டேன். "அதில் ஒரு பிரச்சினையும் இல்லை" என்றாள். அந்தக் கிழமையே பழைய வங்கிக் கணக்கை மூடினேன்.

அது வெறும் சேமிப்புக் கணக்கு. கார்ட் இல்லை, டைரக்ட் டெபிட் (பில் காசைக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் ஏற்பாடு) இல்லை. அதைவிடப் பெரிய கூத்து, இப்படிச் சின்னச் சொசைட்டிகள் பலவற்றில் சோர்ட் கோடும் (வங்கியையும் கிளையையும் காட்டும் எண்) கணக்கு எண்ணும் எல்லோருக்கும் ஒன்றேதான், காசு யாருடையது என்பதை ரெஃபரன்சில் போடுகிற ரோல் நம்பர்தான் காட்டும். அதை அவள் சொல்லவில்லை. என் சம்பளம் ஒன்பது நாள் ஆளில்லாக் காசாக அங்கேயே கிடந்தது. கார் இன்சூரன்ஸ்காரன் மூடின கணக்கில் காசு எடுக்கப் பார்த்து, முடியாமல், பொலிசியையே ரத்துச் செய்துவிட்டான். ரத்தானவன் என்று தெரிந்ததும் அடுத்த கம்பனி விலையை ஏற்றினான், அதுதான் அந்த 386 பவுண்.

கிளைக்குப் போனால் தலைமையகத்துக்குப் போன் அடி என்கிறார்கள். தலைமையகம், உங்கள் முதலாளியைக் கேளுங்கள் என்கிறது. முதலாளி, நாங்கள் அனுப்பிவிட்டோம் என்கிறார். திரும்பக் கிளைக்குப் போனால் அந்தப் பெண் லீவு. எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். நேற்று வந்த பதில்: நிபந்தனைகள் கையேட்டில் எல்லாம் எழுதியிருக்கிறதாம், இருந்தாலும் நல்லெண்ணமாக 25 பவுண் போட்டிருக்கிறார்களாம். போட்டது அதே பாஸ்புக் கணக்கில். அதற்கு மட்டும் என் ரோல் நம்பர் தெரிந்திருக்கிறது! 386 எங்கே, 25 எங்கே.

விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, சுருக்கமாகவே சொல்கிறேன். இது 'கரண்ட் அக்கவுண்டா' (அன்றாடக் கணக்குக்கு இங்கே அதுதான் பெயர்) என்று அதே சொல்லால் கேளுங்கள். பழைய கணக்கை நீங்களே மூடாதீர்கள். இரண்டு பக்கமும் கரண்ட் அக்கவுண்ட் ஆக இருந்து, இரண்டு நிறுவனமும் கணக்கை மாற்றித் தரும் ஸ்விட்ச் சேவையில் சேர்ந்திருந்தால் ஏழு வேலைநாளில் டைரக்ட் டெபிட் எல்லாம் தானாக மாறும். மற்றபடி, சொசைட்டி மூழ்கினால் காசு போய்விடும் என்று பயப்படாதீர்கள், 120,000 பவுண் வரைக்கான பாதுகாப்பு வங்கிக்கும் சொசைட்டிக்கும் ஒன்றுதான். முறைப்பாட்டுக்கு எட்டுக் கிழமையில் முடிவு வராவிட்டால், அல்லது வந்த முடிவு இப்படி இருந்தால், நிதி நிறுவனங்கள் மேலான முறைப்பாட்டை விசாரிக்கும் நிதி ஒம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை, ஆனால் இறுதிக் கடிதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். நான் இன்று இரவு படிவத்தை நிரப்பப் போகிறேன், அந்த அண்ணாவையும் பக்கத்தில் இருத்தி.